கரும்புத் தொட்டிலின் இரு முனைகள்

கார்த்திகைத் தீபத் திருவிழா நாள்களில் திருவண்ணாமலை மாட வீதிகளில் கரும்புத் தொட்டில்களைக் காணலாம். பிள்ளை வரம் வேண்டிப் பெற்ற தம்பதியர் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் சேலையைத் தூளியாக்கிக் குழந்தையைக் கிடத்தி, அண்ணாமலையார் திருக்கோயிலை வலம் வந்து நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். ஒரு முனையைத் தந்தை தோளில் தாங்க, மறுமுனையைத் தாய் தாங்குகிறார். பிள்ளையில்லாத வல்லாள மகாராசனுக்கு இறைவனே மகனாக வந்தார் என்பது இத்தலத்தின் வரலாறு. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று, பள்ளிகொண்டாப்பட்டில் அம்மன்னருக்கு அண்ணாமலையார் மகன் முறையில் திதி கொடுக்கும் நிகழ்வு இன்றும் நடைபெறுகிறது.

பெற்றோர், பிள்ளை உறவை இவ்வளவு உயர்வாகப் போற்றும் ஊரில் இருந்தும், குழந்தையுடன் வீடு திரும்பும் பெற்றோர் பலர் ஒருவித அச்சத்துடன் எங்களிடம் வினவுவதுண்டு: “குழந்தையிடம் பாசம் வளர நாங்கள் தனியாக என்ன செய்ய வேண்டும்?” புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை, தனியே நேரம் ஒதுக்க வேண்டியதும் இல்லை என்பதே எங்கள் விடை. பாலூட்டும்போதும், துணி மாற்றும்போதும், குளிப்பாட்டும்போதும் குழந்தை உங்களை அழைக்கிறது. அந்த அழைப்புக்கு நீங்கள் மறுமொழி தருகிறீர்கள். நாள்தோறும் பலமுறை நிகழும் இந்தச் சிறு பரிமாற்றமே பிணைப்பாக வளர்கிறது.

குழந்தை எவ்வாறு அழைக்கிறது?

பிறந்த குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணுதல் கூடாது. கருவறையிலேயே அது தாயின் குரலைக் கேட்டுப் பழகிவிடுகிறது. பிறந்த சில நாள்களுக்குள் அக்குரலைப் பிற குரல்களிலிருந்து பிரித்தறிகிறது. அதன் பார்வை 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில்தான் ஓரளவு தெளிவாக இருக்கும். மார்பில் பால் அருந்தும் குழந்தைக்கும் தாயின் முகத்திற்கும் உள்ள தொலைவும் ஏறத்தாழ அதுவே. ஆகவே, பாலூட்டும் வேளையில் கைப்பேசியைச் சற்றே தள்ளி வைத்துவிட்டு, குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அது உறிஞ்சுவதை நிறுத்தி உங்களை நோக்கும் கணத்தில் ஒரு சொல் பேசுங்கள். ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அந்த நோக்கு ஒரு புன்னகையாக மாறும்.

குழந்தை ஓர் ஒலி எழுப்பினால், அதே ஒலியைத் திருப்பிச் சொல்லிச் சிறிது காத்திருங்கள். அது மீண்டும் ஒலி எழுப்பும். இவ்வாறு மாறி மாறிப் பேசுவதே பின்னாளில் மொழியாக வளர்கிறது. துணி மாற்றும்போது, “இப்போது காலைத் தூக்கப் போகிறேன்” என்று சொல்லிச் செய்வதும் உரையாடலே.

நம் இல்லங்களில் பாட்டிமார் காலை நீட்டி அமர்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டும் வழக்கம் சிறந்த நெருக்கத்தைத் தருவது. மென்மையாகத் தேய்த்து, பேசிக்கொண்டே நீராட்டுவது நன்று. மூக்கிலும் காதிலும் கண்ணிலும் எண்ணெய் விடுதல், மூக்கில் ஊதுதல், சாம்பிராணிப் புகை காட்டுதல் ஆகியவற்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவை குழந்தையின் மூச்சுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியவை.

பிள்ளைத்தமிழ் காட்டும் படிகள்

குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் நம் இலக்கியத்தில் உள்ளது. தலை நிமிர்த்தி அசைந்தாடும் செங்கீரை, தாலாட்டுக்கு உரிய தால், கைகொட்டும் சப்பாணி, முத்தம் கேட்டல், தளர்நடையிட்டு வரும் வருகை, நிலவை விளையாட அழைக்கும் அம்புலி என அவை தொடர்கின்றன. இப்பருவங்கள் பலவற்றில் பெரியவர் ஒன்றை வேண்டுகிறார்; குழந்தை தன்னால் இயன்றதைச் செய்து மறுமொழி தருகிறது. இன்றைய மருத்துவம் பரிந்துரைக்கும் விளையாட்டும் இதுவே. கைகொட்டச் சொல்லுங்கள், “வா” என்று கைநீட்டி அழையுங்கள், மாடியில் நிலவைக் காட்டிச் சோறூட்டுங்கள். ஒரு வயதை ஒட்டிக் குழந்தை தானே விரல் நீட்டி ஒன்றைக் காட்டும்போது, அதன் பெயரைச் சொல்லுங்கள். கைப்பேசிக் காணொளி இவ்வாறு காத்திருந்து மறுமொழி தருவதில்லை. இரண்டு வயதுக்கு முன் திரையைத் தவிர்ப்பதே நலம்.

எட்டு மாதத்திற்குப் பின், நீங்கள் கண்ணுக்கு மறைந்தாலே குழந்தை அழலாம். அது பிடிவாதமன்று, உங்களை அடையாளம் கண்டுகொண்டதன் விளைவு. சொல்லாமல் நழுவிச் செல்லாதீர்கள். “போய் வருகிறேன்” என்று சொல்லிச் சென்று, சொன்னபடி திரும்பி வாருங்கள்.

‘போதும்’ என்பதும் ஒரு மொழியே

முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், கொட்டாவி விடுதல், விரல்களை விரித்தல், முதுகை வளைத்தல் ஆகியவை “எனக்குச் சற்று ஓய்வு வேண்டும்” எனக் குழந்தை கூறும் முறைகள். பௌர்ணமிக் கிரிவலத்திலும் தீபத் திருவிழா நெரிசலிலும் கைக்குழந்தையுடன் செல்வோர் இக்குறிகளைக் கண்டால், கூட்டத்தை விட்டு விலகி, அமைதியான இடத்தில் குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் அழைப்புக்கும் சரியான மறுமொழி தர எவராலும் இயலாது. அழுகையின் காரணத்தைத் தவறாகக் கணிப்பதும், களைப்பில் கவனிக்காமல் விடுவதும் எல்லா வீட்டிலும் நிகழும். விட்டுப்போனதை உணர்ந்து மீண்டும் குழந்தையிடம் திரும்புவதால் பிணைப்பு மேலும் உறுதிப்படுகிறது.

பிரிந்திருக்க நேர்ந்தால்

குறைமாதக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது, “தொடக்க நாள்களை இழந்துவிட்டோமே” எனப் பெற்றோர் கலங்குகின்றனர். பிணைப்பு ஒரே நாளில் தோன்றுவதன்று. ஆகையால் ஒரு நாளில் இழக்கப்படுவதும் அன்று. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறை நிலவியபோது, மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். அதுவே கங்காரு பராமரிப்பு. குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதனை அளிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. தாய் ஓய்வெடுக்கும்போது தந்தையோ பாட்டியோ அணைத்துக்கொள்ளலாம். எப்போது தொடங்கலாம் எனச் செவிலியரிடம் கேளுங்கள்.

தாய்க்கும் தாங்குவோர் வேண்டும்

குழந்தையைக் கண்டதும் பாசம் பொங்கவில்லையே எனச் சில தாய்மார் தம்மைத் தாமே பழித்துக்கொள்கின்றனர். சிலருக்கு அவ்வுணர்வு மெல்லத்தான் வரும். பிரசவத்திற்குப் பின் சில நாள்கள் அழுகையும் கலக்கமும் தோன்றுவது இயல்பு. அவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், சிகிச்சையால் குணமாகும். தயங்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணிலும் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தம்மையோ குழந்தையையோ வருத்திக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், அந்நிலையில் தாயைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

இங்குதான் தந்தையின் தோள் தேவைப்படுகிறது. இரவில் ஒரு முறை குழந்தையைத் தூக்கி ஏப்பம் விடச் செய்வது, மாலையில் குளிப்பாட்டுவது எனத் தமக்கென ஒரு பணியைத் தந்தை நாள்தோறும் செய்தால், தாய்க்கு உறக்கம் கிடைக்கும். குழந்தைக்கும் இன்னொரு குரல் உறவாகும்.

எப்போது எங்களிடம் வரவேண்டும்?

• மூன்று மாதமாகியும் சிரிக்காவிட்டால், அல்லது பெரும் ஒலிக்குத் திடுக்கிடாவிட்டால்
• ஒன்பது மாதமாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டால், அல்லது மழலை ஒலிகள் எழுப்பாவிட்டால்
• ஒரு வயது கடந்தும் விரல் நீட்டிக் காட்டுதல், கையசைத்தல் போன்ற சைகைகள் இல்லாவிட்டால்
• எந்த வயதிலும், முன்பு செய்ததை இப்போது செய்யாவிட்டால்

இவை உங்கள் வளர்ப்பின் குறைகள் அல்ல. செவித்திறன் குறைபாடு போன்ற காரணங்கள் இருக்கலாம். விரைவில் கண்டறிந்தால் பயன் மிகுதி. அங்கன்வாடி மையங்களுக்கு வரும் அரசு மருத்துவக் குழுவினரும் ஆறு வயது வரை குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை இலவசமாகப் பரிசோதிக்கின்றனர். “போகப் போகச் சரியாகிவிடும்” என்று காத்திராமல், ஐயம் எழுந்த அன்றே கேளுங்கள். நீங்கள் கவனித்தவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால், எங்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.