ரேகை பதியாத விரல்கள்

ஆதார் வழியாகப் பணம் எடுக்க வந்தவர் கட்டைவிரலைக் கருவியில் வைக்கிறார், பதிவாகவில்லை. துடைத்துவிட்டு வைக்கிறார், தலைமுடியில் தேய்த்துவிட்டு வைக்கிறார், அப்போதும் இல்லை. கருவி பழுது என்றோ, வயதாகிவிட்டது என்றோ எண்ணித் திரும்பிவிடுகிறார். அவையும் காரணமாகலாம். ஆயினும் சிலருடைய விரல் நுனியை உற்று நோக்கினால், தோல் வறண்டு, பளபளத்து, செதிலாக உரிந்து, ஆங்காங்கே வெடித்திருப்பது புலப்படும். இதுவே விரல்நுனி எக்ஸிமா எனப்படும் தோல் அழற்சி.

இது தொற்றுநோயன்று. தோலின் மேலடுக்கு தன் எண்ணெய்ப்பசையை இழக்கும்போது ஈரம் வெளியேறுகிறது. எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே நுழைகின்றன. அரிப்பைவிட வலியே இதில் மிகுதி. சட்டைப் பொத்தான் போடுவதும் உப்பைத் தொடுவதும்கூடத் துன்பமாகிவிடும்.

காரணத்தை அறிய, எந்தக் கை, எந்த விரல் என்று முதலில் பாருங்கள். பாத்திரம் துலக்கும் சோப்பு, சலவைத்தூள், ஓயாது காகிதம் புரட்டுதல் ஆகியவற்றால் வருவது பெரும்பாலும் அதிகம் புழங்கும் கையின் கட்டைவிரலிலும் அடுத்த இரு விரல்களிலும் தோன்றும். வலக்கைப் பழக்கமுள்ள ஒருவருக்கு இடக்கையின் அதே மூன்று விரல்களில் மட்டும் வெடிப்பு இருந்தால், ஐயம் பூண்டின் மீது செல்ல வேண்டும். வலக்கை கத்தியைப் பிடிக்க, பூண்டுப் பல்லைப் பிடித்திருப்பது இடக்கையல்லவா? பூண்டிலுள்ள டைஅல்லைல் டைசல்ஃபைடு என்னும் பொருள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகிறது. அது ரப்பர் கையுறையையும் ஊடுருவவல்லது. ஆகவே இத்தகையோர் கையுறையை நம்பாமல், பூண்டு உரிக்கும் பணியை வீட்டில் வேறொருவரிடம் ஒப்படைப்பதே நலம். (இதைக் காரணமாகக் கூறிச் சமையலறையிலிருந்தே விடைபெற இயலாது!) ஒவ்வாமையை உறுதிசெய்ய, முதுகில் சிறு ஒட்டுகளை இட்டுப் பார்க்கும் ‘பேட்ச் டெஸ்ட்’ என்னும் சோதனையைத் தோல் மருத்துவர் செய்வார்.

பராமரிப்பு எளியது, ஆனால் விடாமுயற்சி வேண்டும். கை கழுவியவுடன், ஈரம் முற்றிலும் உலருமுன் பெட்ரோலியம் ஜெல்லி போன்ற கெட்டியான களிம்பைப் பூசுங்கள். நாளுக்கு ஒருமுறை போதாது. ஒவ்வொரு கழுவலுக்குப் பின்னும் தேவை. இரவில் தாராளமாகப் பூசிப் பருத்திக் கையுறை அணிந்து உறங்கலாம். பாத்திரம் துலக்கும்போது பருத்திக் கையுறையும் அதன்மேல் ரப்பர் கையுறையும் அணியுங்கள்.

இவற்றால் சில வாரங்களில் குணமாகாவிடில் மருத்துவரை நாடுங்கள். சொரியாசிஸும் பூஞ்சைத் தொற்றும் ஏறத்தாழ இதே தோற்றம் கொண்டவை. மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு உள்ளது. பூஞ்சைத் தொற்றின்மீது அதைப் பூசினால் அரிப்பு தற்காலிகமாக அடங்கும்; தொற்றோ பரவும். சீழ், வீக்கம், காய்ச்சல் இருப்பின் காத்திருத்தல் கூடாது.

ரேகை நிலையாக அழிந்துவிடுமோ என்ற அச்சம் பொதுவாகத் தேவையில்லை. அதன் அமைப்பு தோலின் ஆழ்ந்த அடுக்கில் வேரூன்றியிருப்பதால், மேல்தோல் ஆறியதும் பழைய வடிவமே மீளும். அதுவரை வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். கண் கருவிழி, முகம், பதிவுசெய்த கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியவற்றாலும் ஆதார் சரிபார்ப்பு இயலும். எந்தச் சேவைக்கு எது ஏற்கப்படும் என்பதைக் கிளையில் கேட்டறியுங்கள். நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்கும் ஓய்வூதியர்களுக்கு 2021 முதல் கைப்பேசிவழி முகச் சரிபார்ப்பு வசதி உள்ளது. அதுவும் கைகூடாதபோது, கிளைக்கு நேரில் வந்து தாளில் கையொப்பமிட்டுச் சான்றிதழ் அளிக்கும் பழைய வழியும் திறந்தே இருக்கிறது.