மாதாந்த வேதனையும் மாறாத வடுக்களும்

சப்ரகமுவ தோட்டங்களில் கொழுந்து பறிக்கும், இறப்பர் பால் வெட்டும் பெண்களின் ஆரோக்கியம் குறித்துப் பேசப்படும் போதெல்லாம் இரத்தச்சோகையும் மகப்பேறுமே முதலிடம் பெறுகின்றன. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் அவர்கள் படும் வேதனையோ 'பெண்களுக்கு வழமையானது' என ஒதுக்கப்பட்டு விடுகின்றது.

மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில் தோன்றும் கடும் எரிச்சல், அழுகை, பதற்றம், நித்திரையின்மை, உடல்வலி ஆகியன மாதவிடாய் தொடங்கிய சில நாட்களில் தணிந்து விடும். இதன் தீவிர வடிவத்தை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டில் தனியொரு நோயாகவே வகைப்படுத்தியது. அமெரிக்கத் தாதியரிடையே நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு, சிறுபராயத்தில் மிகக் கடுமையான மனத்துன்புறுத்தலுக்கு உள்ளான பெண்களுக்கு இத்தொல்லை ஏற்படும் வாய்ப்பு, அத்தகைய துன்பத்தை அறியாதோரை விட இரு மடங்குக்கும் அதிகமெனக் கண்டறிந்தது.

இப்பெண்களின் ஹோர்மோன் அளவு பெரும்பாலும் வழமையாகவே உள்ளது. அதன் ஏற்ற இறக்கங்களுக்கு மூளை காட்டும் எதிர்வினையே மிகையானதாகும். நீடித்த அச்சம், உடலின் நெருக்கீட்டு ஹோர்மோன்களின் ஒழுங்கைக் குலைத்து இவ்வெதிர்வினையைக் கூர்மையாக்கலாம் என மருத்துவவியலாளர் கருதுகின்றனர்.

இரத்தினபுரித் தோட்டங்கள் 1981 ஓகஸ்டில் வன்செயலைக் கண்டன. மாவனெல்லை முஸ்லிம்கள் 2001இல் கடைகளும் வீடுகளும் எரியக் கண்டனர். 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன்கள் மண்ணில் புதையுண்டன. அன்றைய சிறுமியர் இன்று பருவமடைந்த யுவதிகள். மதுபோதையால் வீட்டினுள் நிகழும் வன்முறையோ ஆண்டுக் கணக்கில் அடங்காதது. இவற்றைக் கண்டோர் அனைவரும் நோயாளராவர் என்பதல்ல. வேதனைப்படுவோரின் கடந்தகாலமும் கேட்டறியப்பட வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.

இது குணப்படுத்த முடியாத நோயன்று. இரு மாதங்களுக்கு நாளாந்தம் அறிகுறிகளைக் குறித்து வந்தால் வைத்தியர் நோயை இனங்காண இயலும். உளவளத்துணையும் தேவையேற்படின் மருந்தும் பலனளிக்கும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் நாடலாம்.

வேலைக்கு வராவிடின் அன்றைய பேர் பறிபோகும் என்ற அச்சத்தில் வேதனையை விழுங்கிக் கொண்டு மலையேறும் பெண்ணை, வீட்டார் 'கோபக்காரி' என்று தூற்றுவது அநீதியாகும். தோட்ட நிருவாகங்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் தமிழ்மொழியில், தனிமையில், அவள் மனந்திறந்து பேச வழிசெய்ய வேண்டும். செவிமடுப்பதே சிகிச்சையின் முதற்படி என்பதை நாம் மறந்துவிடலாகாது.