ஒரு டாலரும் ஓராயிரம் டாலரும்

ஊசி குத்தினால் உடல் இளைக்குமாம்! அமெரிக்க நகரங்களிலே அழகு நிலையங்கள் அழைக்கின்றன, தோழர்களே: வாரீர், வைட்டமின் பி12 குத்திக்கொள்வீர், கொழுப்பைக் கரைப்பீர் என்று!

கரைவது கொழுப்பா? காசு! பி12 குறைந்து இரத்தசோகை கண்டவனுக்கு அந்த ஊசி உயிர் காக்கும்; மறுப்பாரில்லை. குறையில்லாதவனுக்குக் குத்தினால்? மிஞ்சியது சிறுநீரோடு போகும், அவ்வளவுதான்.

மெய்யாகவே இளைக்க வைக்கும் ஊசியும் உண்டு. செமாகுளூட்டைடு என்று பெயர். பெப்டைடு வகை, புரதத்தின் சிறு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்டபின் குடலிலே ஊறும் சுரப்பு ஒன்றைப் போலவே நடித்து, 'போதும்' என்று மூளைக்குச் சேதி சொல்கிறது. குமட்டலும் வாந்தியும் கூடவே வரலாம். 2021இல் வெளிவந்த ஆய்விலே, 68 வாரத்தில் எடை சராசரியாக ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தது. ஊசியை நிறுத்தினார்கள், ஓராண்டிலே, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது! ஆக, ஆண்டாண்டாகக் குத்தவேண்டும். விலை? 2021இல் அமெரிக்கக் கடைக்கு வந்தபோது, மாதம் 1,300 டாலருக்கு மேல்! பின்னால்தான் இறக்கினார்கள். அங்கே லாரி ஓட்டுகிறவன் எங்கே போவான்? அவன் ஏக்கத்தைத்தான் வைட்டமின் ஊசிக்காரன் காசாக்குகிறான்.

முன்பொரு ஊசியின் கதை கேளுங்கள். இன்சுலின்! அதுவும் பெப்டைடுதான். நீரிழிவால் சாகக் கிடந்த பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்தது. அதன் காப்புரிமையைப் பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923இல் டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு விற்றார்கள். என்ன விலைக்கு? ஆளுக்கு ஒரு டாலர்!