புது வகை ப்ராசசரில் புரோகிராமிங் சாப்ட்வேர்: நிறுவும் முன் ஒரு நிமிடம்

சென்ற தீபாவளிக்குக் குரும்பகரம் போயிருந்தபோது, பலகாரத் தட்டு வருவதற்கு முன்பே ஒரு லேப்டாப் என் முன்னால் வந்து உட்கார்ந்தது. சித்தப்பா மகள் அந்த ஆண்டுதான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். குறுவை நெல் போட்ட பணத்தில், அறுபதாயிரத்திற்கும் மேல் கொடுத்து வாங்கியது. "அண்ணா, இது டிபெக்ட் பீஸ் போல இருக்கு. காலேஜ்ல சொன்ன சாப்ட்வேர் பாதி இதுல ஏறவே மாட்டேங்குது. இன்னும் ரெண்டு வாரத்துல லேப் டெஸ்ட்" என்றாள். கடையில் கேட்டதற்கு, சாப்ட்வேருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்களாம். சித்தப்பா வாசற்படியில் நின்றபடி, "ஏமாந்துட்டேனா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

லேப்டாப்பில் பழுது எதுவும் இல்லை. ஆனால் அதில் இருந்த ப்ராசசர், நாம் பழகிய வகை அல்ல. இது தெரியாமல் சாப்ட்வேர் நிறுவ முயன்று, கம்ப்யூட்டரையே குறை சொல்பவர்கள் பலர். புதிதாக லேப்டாப் வாங்கியவர்களும் வாங்க இருப்பவர்களும் இதனைத் தெரிந்து கொள்வது நல்லது.

இரண்டு வகை ப்ராசசர்கள்

ஒவ்வொரு ப்ராசசருக்கும் தனக்கென்று ஒரு கட்டளைத் தொகுப்பு உண்டு. அதனை அதன் தாய்மொழி என்று வைத்துக் கொள்ளலாம். 1978ல் இன்டெல் வெளியிட்ட 8086 ப்ராசசரில் தொடங்கிய மொழிக்கு எக்ஸ்86 என்று பெயர். இதனை 64 பிட்டுக்கு விரிவாக்கி 2003ல் முதலில் சந்தைக்குக் கொண்டு வந்தது ஏ.எம்.டி. நிறுவனம். அதனால்தான் இன்டெல் கம்ப்யூட்டருக்கான பைலின் பெயரிலும் சில நேரங்களில் "ஏஎம்டி64" என்று இருக்கும். குழம்ப வேண்டாம். எக்ஸ்64, ஏஎம்டி64 இரண்டும் ஒன்றுதான்.

மற்றொன்று ஆர்ம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் 1985ல் இதன் முதல் சிப்பினை உருவாக்கியது. குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால் மொபைல் போன்களில் இதுவே இடம் பிடித்தது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 சிப் மூலம் இதனை மேக் கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டு வந்தது. 2024 ஜூன் மாதம் குவால்காமின் ஸ்நாப்டிராகன் எக்ஸ் வரிசை ப்ராசசர்களுடன் விண்டோஸ் லேப்டாப்கள் வந்தன. தங்கை கையில் இருந்தது இந்த வகைதான்.

உங்களுடையது எது?

செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம் பிரிவில் கடைசியாக உள்ள அபவுட் என்பதனைக் கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில் "சிஸ்டம் டைப்" என்ற வரியைப் பாருங்கள். "எக்ஸ்64 பேஸ்டு ப்ராசசர்" என்று இருந்தால் பழகிய வகை. "ஆர்ம் பேஸ்டு ப்ராசசர்" என்று இருந்தால் இக்கட்டுரை உங்களுக்கானது.

நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் பகுதியில் பழைய பத்திரங்கள் சில பிரெஞ்சு மொழியில் இருக்கும். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் தமிழில் சொன்னால் விஷயம் புரிந்துவிடும். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். ஆர்ம் லேப்டாப்பில் எக்ஸ்64 புரோகிராமை இயக்கும்போது விண்டோஸ் இதே வேலையைத்தான் செய்கிறது. இதற்கு எமுலேஷன் என்று பெயர். 2017ல் அறிவிக்கப்பட்ட முதல் ஆர்ம் விண்டோஸ் 10 லேப்டாப்களில் 32 பிட் புரோகிராம்களை மட்டுமே இப்படி இயக்க முடிந்தது. 2021ல் விண்டோஸ் 11 வந்தபோது 64 பிட் புரோகிராம்களும் இயங்கின. 2024ல் வந்த 24எச்2 பதிப்பில் பிரிசம் என்ற புதிய எமுலேட்டர் இதனை மேலும் விரைவாக்கியது.

ஆகவே, சாதாரண புரோகிராம்கள் பெரும்பாலும் இயங்கிவிடும். புரோகிராம் எழுதும் சாப்ட்வேர்களில்தான் சிக்கல் வருகிறது. காரணம் ஒரு விதி: ஒரு புரோகிராமும், அது தனக்குள் ஏற்றிக்கொள்ளும் துணைப் பைல்களும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பாதிப் பத்திரம் பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் இருப்பதை இந்த மொழிபெயர்ப்பாளர் ஏற்க மாட்டார்.

பைத்தான்

தங்கையின் லேப்டாப்பில் இந்த விதிதான் இடித்தது. பைத்தான் ஆர்ம்64 பதிப்பு ஒழுங்காக நிறுவப்பட்டிருந்தது. ஆனால் கல்லூரியில் சொன்ன பேக்கேஜ் ஒன்றுக்கு ஆர்ம்64 பைல் தயாராக இல்லை. அப்படி இல்லாதபோது பிப் கட்டளை அதன் மூல நிரலை இறக்கி, உங்கள் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்ய முயலும். கம்பைலர் இல்லை என்றால், மைக்ரோசாப்ட் விஷுவல் சி++ தேவை என்று சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வரும். புதியவர்கள் இங்குதான் பயந்துவிடுகிறார்கள்.

தீர்வு எளிது. ஆர்ம்64 பைத்தானை நீக்கிவிட்டு, எக்ஸ்64 பதிப்பை நிறுவினேன். பைத்தானும் பேக்கேஜும் ஒரே வகை ஆகிவிட்டதால், இரண்டும் எமுலேஷனில் இயங்கின. வேகம் சற்றுக் குறைவுதான். கல்லூரிப் பயிற்சிக்கு அது தாராளம். உங்களுக்குத் தேவையான பேக்கேஜ்கள் எல்லாம் ஆர்ம்64ல் கிடைத்தால், ஆர்ம்64 பைத்தானையே வைத்துக் கொள்ளுங்கள்.

எடிட்டரும் ஜாவாவும்

விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டருக்கு ஆர்ம்64 பதிப்பு உண்டு. டவுண்லோட் பக்கத்தில் பெரிய பட்டனை அவசரமாக அழுத்தாமல், கீழே உள்ள ஆர்ம்64 என்பதனைத் தேர்ந்தெடுங்கள். ஜாவாவிற்கு மைக்ரோசாப்ட் வழங்கும் ஓப்பன் ஜே.டி.கே.வில் ஆர்ம்64 பதிப்பு இருக்கிறது. எடிட்டர் ஒரு வகையும் ஜாவா வேறு வகையுமாக இருக்கலாமா? இருக்கலாம். அவை தனித்தனிப் புரோகிராம்களாக ஓடுபவை. விதி ஒரே புரோகிராமின் உள்ளே மட்டும்தான்.

சி மொழி

நம் கல்லூரிகள் சிலவற்றில் இன்னும் டர்போ சி++ தான். இது 16 பிட் புரோகிராம். எந்த 64 பிட் விண்டோஸிலும் நேரடியாக இயங்காது. இன்டெல் லேப்டாப் வாங்கியிருந்தாலும் இதே கதைதான். எனவே இதற்கு ஆர்ம் ப்ராசசரைக் குறை சொல்ல முடியாது. டாஸ்பாக்ஸ் என்ற இலவசப் புரோகிராமை நிறுவி, அதற்குள் டர்போ சி++ இயக்கலாம். எமுலேட்டருக்குள் இன்னொரு எமுலேட்டர்! தங்கைக்கு இதைத்தான் செய்து கொடுத்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி பதிப்பு இலவசம். 2022 நவம்பரில் வந்த 17.4 பதிப்பு முதல் இது ஆர்ம்64ல் நேரடியாகவே இயங்குகிறது.

எங்கே உஷார்?

எமுலேஷன் கைகொடுக்காத இடங்களும் உண்டு. பிரிண்டர் போன்ற சாதனங்களின் டிரைவர்கள் ஆர்ம்64க்கு என்றே தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய பிரிண்டரின் சிடியில் உள்ள டிரைவர் உதவாது. ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவைப் பொறுத்தவரை, ஆர்ம் ப்ராசசர் கொண்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஆதரவு இல்லை என்றே 2025ல் கூகுள் குறிப்பிட்டிருந்தது. மொபைல் அப்ளிகேஷன் உருவாக்குவதுதான் உங்கள் நோக்கம் என்றால், வாங்கும் முன் இப்போதைய நிலையைப் பார்த்துவிடுங்கள்.

நிறுவியது எந்த வகை என்று அறிய, டாஸ்க் மானேஜரில் டீடெய்ல்ஸ் பிரிவைத் திறக்கவும். மேலே உள்ள தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸ் மூலம் "ஆர்க்கிடெக்சர்" என்பதனைச் சேர்த்திடவும். ஒவ்வொரு புரோகிராமுக்கும் எதிரே ஆர்ம்64, எக்ஸ்64, எக்ஸ்86 என்று காட்டும்.

வாங்கும் முன்

கடைக்குப் போகும்போது ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். கல்லூரியில் பயன்படுத்தும் சாப்ட்வேர் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றும் இந்த ப்ராசசரில் இயங்குமா என்று பாருங்கள். நாளை வேறு வகைகளும் வரலாம். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய சக்தி ப்ராசசர், ரிஸ்க்-ஃபைவ் என்ற மூன்றாவது மொழியைச் சேர்ந்தது. மொழி மாறினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

அன்று மாலை வழக்கம்போல் கரண்ட் போனது. தங்கை பேட்டரியிலேயே தன் முதல் புரோகிராமை ஓட்டிக் கொண்டிருந்தாள். "ஏமாறலை சித்தப்பா. கேட்காம வாங்கிட்டீங்க, அவ்வளவுதான்" என்றேன். அதன் பிறகுதான் அவர் காபி குடித்தார்.