புகை படிந்த சுவருக்குப் புதுச் சாயம்

தீபாவளி நெருங்கிவிட்டால் தோட்டத்து வீடுகளில் முதல் வேலை சாயம் அடிப்பதுதான். புகைபிடிப்பவர் இருக்கும் வீட்டுத் தாய்மார்களுக்கு மட்டும் அதில் ஒரு மனக்குறை. "வெள்ளைச் சாயம் அடித்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் மஞ்சள் திட்டு வந்துவிட்டதே!" என்பார்கள். கடைக்காரர் மட்டச் சாயத்தைத் தலையில் கட்டிவிட்டார் என்று ஏசுவதும் உண்டு. பாவம், அவர்மேல் குற்றமில்லை.

சிகரெட்டோ சுருட்டோ, புகையிலுள்ள நிகோட்டினும் தாரும் சுவரில் பிசினைப்போல் ஒட்டிக்கொள்கின்றன. அதன்மேல் எமல்ஷன் சாயம் பூசினால், சாயத்திலுள்ள தண்ணீரே கறையைக் கரைத்து மேலே இழுத்து வந்துவிடும். மூன்று பூச்சு அடித்தாலும் இதே கதைதான், காசுக்குத்தான் கேடு.

சுவரின் மேல்மூலையை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். தேநீர் நிறம் ஏறினால் புகையிலைக் கறை. கறுப்பாக வந்தால் பெரும்பாலும் சாமி விளக்கின் கரியாக இருக்கும்.

ஆகையால், முதலில் கழுவுங்கள். மின்சாரத்தை அடைத்துவிட்டு, வெந்நீரில் சலவைத்தூள் கரைத்த வாளி ஒன்றும் நல்ல தண்ணீர் வாளி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு கோடாய் நின்றுவிடும். பிறகு நல்ல தண்ணீரால் துடையுங்கள். கூரைப் பலகையையும் காற்றாடி இறக்கையையும் மறந்துவிடாதீர்கள். புகை மேலேதான் போகிறது! வெளுப்பு நீரையும் அம்மோனியாவையும் கலக்கவே கூடாது. நச்சுக் காற்று எழும். பழைய சாயத்தை உலர்ந்தபடி சுரண்டவும் வேண்டாம். அதில் ஈயம் இருக்கக்கூடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்கிறீர்களா? சுவரில் படிந்த நிகோட்டின் மாதக்கணக்கில் தங்கும். அது காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு கூடிப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களாக மாறுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2010-இல் காட்டினார்கள். தவழும் குழந்தை அந்தச் சுவரைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கிறது. அடுத்த நொடி அதே கை வாய்க்குப் போகிறது.

இரண்டு நாள் காயவிட்டு, கறையை அடைக்கும் எண்ணெய்ச் சாயத்தை அடிப்பூச்சாக அடியுங்கள். அதன் வாடை காட்டமானது, தீயும் பற்றும். கதவு சன்னலைத் திறந்து வைத்து, விளக்கு ஏற்றாமல், பிள்ளைகளை அன்றிரவு வேறு அறையில் படுக்க வையுங்கள். மேல்பூச்சுக்கு, துடைக்கத் தகுந்த, சற்றே மினுமினுக்கும் எமல்ஷன் கேளுங்கள். மினுக்கமில்லாத சாயம் சுவரின் மேடுபள்ளத்தை மறைக்கும். ஆனால் ஈரத்துணி பட்டால் தேய்ந்துவிடும். மஞ்சள் தெரியாதிருக்கச் சந்தன நிறம் அடிப்பவர்களும் உண்டு. கறை கண்ணுக்கு மறையுமே தவிர, போகாது.

கடைசியாக, தாத்தாவின் நாற்காலி. மலேசியாவில் 2019 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை உண்டு. கடையில் எழுந்து வெளியே போகப் பழகியவருக்கு வீட்டிலும் அது முடியாத காரியமல்ல. நாற்காலியையும் சாம்பல் கிண்ணத்தையும் வாசலுக்கு வெளியே, சன்னலுக்குத் தள்ளிப் போடுங்கள். முகத்தைச் சுளித்தால், காப்பியையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.