வழங்கி ஏன் திணறுகிறது?

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள். குறித்த நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே இணையத்தளத்தைத் திறக்கின்றனர். பக்கம் வரவில்லை, திரையில் வட்டம் மட்டும் சுழன்றுகொண்டே இருக்கிறது. பொறுமையிழந்தோர் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துகின்றனர். ஒவ்வோர் அழுத்தமும் புதிய கோரிக்கையாகச் சென்று சேர்வதால் நெரிசல் இன்னும் கூடுகிறது.

இக்கோரிக்கைகளைப் பெற்றுப் பக்கங்களை அனுப்பும் கணினியே வழங்கி. இதனை சர்வர் என்றும் கூறுவர். இதன் செயலிக்கும் நினைவகத்திற்கும் ஓர் எல்லை உண்டு. நினைவகம் நிரம்பியதும், வழங்கி தன் வேலையின் ஒரு பகுதியை வன்தட்டில் வைத்து எடுக்கத் தொடங்கும். வன்தட்டோ நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது.

கூடுதல் கணினிகளை வாங்கலாம் என்று உடனே தோன்றும். ஆனால், பல வேளைகளில் குறை கருவியில் இல்லை. வேலை செய்யும் முறையில்தான் இருக்கிறது. ஓர் உணவகத்தில் மேசைக்கு ஒரு பணியாளர் எனக் கொள்வோம். உணவு தயாராகும்வரை அவர் அங்கேயே நிற்கிறார். நூறு மேசைகளுக்கு நூறு பேர் வேண்டும்; அவர்களுள் பெரும்பாலோர் சும்மாதான் நிற்பர். பழைய வழங்கி மென்பொருள்கள் பல இப்படித்தான் இயங்கின. ஓர் இணைப்புக்கு 10 மெகாபைட் நினைவகம் என்று வைத்துக்கொண்டாலும், 10,000 இணைப்புகளுக்கு ஏறத்தாழ 100 ஜிகாபைட் தேவைப்படும்.

ஒரே வழங்கி 10,000 பேரை எவ்வாறு சமாளிப்பது என்னும் கேள்வியை 1999-இல் டான் கெகல் என்ற நிரலாளர் எழுப்பினார். ரஷ்யாவைச் சேர்ந்த ஈகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட 'என்ஜின்எக்ஸ்' அதற்கு ஒரு விடையானது. இதில் ஒரு சில பணியாளர்களே எல்லா மேசைகளையும் சுற்றி வருகின்றனர். ஒரு மேசைக்குரிய உணவு தயாராகும் நேரத்தில் அடுத்த மேசையைக் கவனிக்கின்றனர்.

செய்த வேலையையே மீண்டும் செய்யாமல் இருப்பது இன்னொரு வழி. இணையத்தளத்தின் முகப்புப் பக்கம் எல்லாருக்கும் ஒன்றே. அதனை ஒருமுறை உருவாக்கிச் சேமித்து வைத்தால், அடுத்து வருவோருக்கு அப்படியே அனுப்பிவிடலாம். மதிப்பெண் பக்கத்தில் இந்த உத்தியைக் கவனமின்றிக் கையாண்டால், ஒருவரின் மதிப்பெண் மற்றவரின் திரையில் தோன்றிவிடும்!

வேலையின்றி இருக்கும் வழங்கியும் மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது. எனவே, பல வழங்கிகளின் பணிகள் ஒரே கணினியில் ஒருங்கிணைக்கப்படுகின்றன. நிலமும் மின்சாரமும் அளவோடு உள்ள சிங்கப்பூருக்கு இது சிறிய செய்தியன்று. 2020-இல் நாட்டின் மொத்த மின்பயன்பாட்டில் ஏறத்தாழ 7 விழுக்காடு, வழங்கிகள் குவிந்துள்ள தரவு மையங்களுக்கே சென்றது. 2019 முதல் புதிய மையங்களுக்கான அனுமதி சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அம்மையங்களைக் குளிரூட்டவும் பெருமளவு மின்சாரம் செலவாகிறது. பொதுவாக 22 பாகை செல்சியசிலோ அதற்குக் குறைவாகவோ குளிரூட்டப்படும் மையங்களை, 26 பாகையிலும் அதற்கு மேலும் படிப்படியாக இயக்குவதற்கான தரநிலை 2023-இல் சிங்கப்பூரில் அறிமுகமானது.