மண்ணில்லாத் தக்காளி: வாளி வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனதும், சென்னையில் ரேஷன் கடைகளில் அறுபது ரூபாய்க்கு விற்றதும் நமக்கு மறந்திருக்காது. அதன் பிறகு மொட்டை மாடியில் நாலு தக்காளிச் செடி வைத்தால் என்ன என்று யோசிக்காத வீடு குறைவு. மண் மூட்டைகளை மாடிக்கு ஏற்ற முடியாது, தளத்துக்குப் பாரம் என்று தயங்குபவர்களின் கண்ணில் இப்போது பட்டிருப்பது ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்ப்பது.

வளருமா என்றால், வளரும். இது புதிய வித்தையும் அல்ல. அமெரிக்காவில் பெர்க்லியில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக் 1930களிலேயே தொட்டிக் கரைசலில் ஆளுயரத்தை மிஞ்சிய தக்காளிக் கொடிகளை வளர்த்துக் காட்டினார். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரும் அவர் வழியாக 1937இல் புழக்கத்துக்கு வந்ததுதான். நம் நாட்டில் 1940களின் பிற்பகுதியில் டார்ஜிலிங் பக்கம் காலிம்பாங்கில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் இதைச் செய்ய வழி தேடினார். அவருடைய முறைக்கு வங்காள முறை என்றே பெயர்.

ஆனால் அதே பெர்க்லியில் ஹோக்லண்டும் ஆர்னனும் சோதித்துப் பார்த்து 1938இல் எழுதியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்ல மண்ணில் கிடைக்கும் விளைச்சலைவிடக் கரைசலில் அதிகம் கிடைத்துவிடவில்லை என்பது அவர்கள் முடிவு. இன்று விளம்பரங்களில் வரும் "பத்து மடங்கு விளைச்சல்" பேச்சைக் கேட்கும்போது இது நினைவில் இருக்கட்டும். மண் இல்லாத இடத்தில் விளைவிக்க முடிகிறது என்பதே இந்த முறையின் பயன்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்க்காரர்கள் இதில் இறங்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாளி, பம்பு, விதை எல்லாம் பிறகு. முதலில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி, வீட்டில் வரும் தண்ணீரைச் சோதியுங்கள். பேனா அளவிலான கருவிதான், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

காரணம் இது. காய் பிடிக்கும் பருவத்தில் தக்காளிக்கு வைக்கும் கரைசலின் மொத்த அடர்த்தி, இந்த மீட்டர்களில் பெரும்பாலானவற்றின் கணக்கில், 1000 முதல் 1250 பி.பி.எம். வரை இருக்கும். ஈ.சி. என்ற மின்கடத்து அளவில் சொன்னால் 2 முதல் 2.5. உங்கள் போர் தண்ணீரே 800 காட்டினால், அதில் பெரும்பங்கு சோற்று உப்பாகத்தான் இருக்கும். மீதி இடத்தில் சத்து எவ்வளவு போட முடியும்? இன்னொரு சிக்கலும் உண்டு. செடி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சோடியத்தைப் பெரும்பாலும் வாளியிலேயே விட்டுவிடும். நீங்கள் மறுபடி ஊற்ற ஊற்ற உப்பு சேர்ந்துகொண்டே போகும். தரையில் என்றால் ஒரு மழை வந்து கழுவிவிடும். வாளிக்கு அந்த வசதி இல்லை. உப்புத் தண்ணீரைத் தாங்கி நிற்கும் தென்னையை வைத்துத் தக்காளியைக் கணக்குப் போட முடியாது.

200 பி.பி.எம்.முக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 400 வரை சமாளிக்கலாம், வாளியை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். அதற்கு மேல் போனால் வேறு தண்ணீர் கலந்தே ஆக வேண்டும். ஆர்.ஓ. இயந்திரத்தின் நல்ல தண்ணீர் சரிப்படும். அது கழித்து வெளியே தள்ளும் தண்ணீர் ஆகவே ஆகாது, உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அறவே குறைவு, சேர்த்து வைக்கலாம்.

எல்லாவற்றிலும் சிறந்தது மழைத் தண்ணீர். ஒரு சின்னக் கணக்கு: வளர்ந்த செடி ஒன்று வெயிலைப் பொறுத்து நாளைக்கு ஒன்றரை லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொண்டால், நாலு செடிக்கு 90 நாளில் 540 லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே ஏறக்குறைய 900 லிட்டர் வடிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவு மழையில் ஒரு பருவத்துக்கான தண்ணீர் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2003இலிருந்தே வீடுகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றாலும், பல வீடுகளில் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை விட்டுவிட்டு, பிறகு வருவதை மூடியுள்ள தொட்டியில் பிடித்து வையுங்கள். மூடி முக்கியம். டெங்கு பரப்பும் கொசு முட்டையிட இப்படித் தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும். தக்காளி வாளிகளுக்கும் இதே எச்சரிக்கை. திறந்த இடம் எங்கிருந்தாலும் கொசுவலைத் துணியால் கட்டிவிட வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது இதில் அலட்சியம் கூடாது.

தண்ணீர் சரியென்றால் மற்றது எளிது. வீடியோக்களில் அழகாகத் தெரியும் பி.வி.சி. குழாய் வரிசையைத் தக்காளிக்கு நாம் பரிந்துரைக்க மாட்டோம். அது கீரைக்கு ஏற்றது. தக்காளி வேர் குழாயை அடைத்துவிடும். நம் வெயிலில் குழாய்த் தண்ணீர் சுட்டுவிடும். மின்சாரம் போய்ப் பம்பு நின்றால் சில மணி நேரத்தில் செடி துவண்டுவிடும். செடிக்கு ஒன்றாக மூடியுள்ள 20 லிட்டர் வாளி போதும். மூடியில் துளையிட்டு, வலைத் தொட்டியில் களிமண் உருண்டைகளை நிரப்பி, அதில் நாற்றை நிறுத்த வேண்டும். தொடக்கத்தில் கரைசல் வலைத் தொட்டியின் அடியைத் தொட்டால் போதும். வேர் இறங்க இறங்க மட்டம் குறையும். பிறகு நிரப்பும்போது பாதி வாளிக்கு மேல் நிரப்பாதீர்கள். மேல் பாதியில் உள்ள வேர்கள் காற்றை வாங்கிப் பழகியவை, அவற்றை மூழ்கடித்தால் அழுகும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரவலாக்கிய பம்பில்லா முறையின் அடிப்படை இந்தக் காற்று இடைவெளிதான். மீன் தொட்டிக்கு வைக்கும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றையும் சேர்த்தால் நம் தட்பவெப்பத்துக்கு நல்லது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே வாளிக்கு வெளியே வெள்ளை அடியுங்கள், நிழலில் வையுங்கள். உள்ளே வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும்.

சத்துக் கரைசல் ஏ, பி என்று இரண்டாக விற்கப்படுவதற்குக் காரணம் உண்டு. கால்சியம் நைட்ரேட்டை அடர்த்தியான நிலையில் சல்ஃபேட், பாஸ்பேட் உப்புகளோடு கலந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும், செடிக்குக் கிடைக்காது. ஒன்றைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். உரக்கடையில் 19:19:19 போதும் என்பார்கள். அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. அதை மாற்றிக் கொடுக்கும் மண் நுண்ணுயிர்கள் வாளியில் போதிய அளவு கிடையாது. கால்சியமும் அதில் இல்லை. பி.எச். 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருக்கட்டும். கரைசலைக் கடும் வெயிலில் சற்று நீர்த்து வைப்பதே நல்லது.

காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கினால் பலரும் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். ஓடு அவ்வளவு வேகமாகக் கரையாது. பெரும்பாலும் கரைசலில் கால்சியம் இருக்கும். காய்வரை போய்ச் சேர்வதில்லை. வாளி வற்றுவதும் நிரம்புவதுமாக இருப்பதும், உப்பு ஏறிப் போவதும் அதற்குக் காரணங்கள். மறுபடியும் தண்ணீர்தான்.

பங்குனியில் விதைத்துச் சித்திரை, வைகாசியில் காய் எதிர்பார்க்க வேண்டாம். பகல் வெப்பம் 35ஐத் தாண்டி, இரவும் புழுங்கினால் மகரந்தம் வீணாகிப் பூ உதிரும். புரட்டாசியில் நாற்று விட்டு, மழை ஓயும் நேரத்தில் செடி பூப்பது நம் பக்கத்துக்குத் தோதானது. மாடியில் காற்று இருந்தால் மகரந்தச் சேர்க்கை தானாக நடக்கும். வலைக்குள் வளர்ப்பவர்கள் காலையில் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டிவிட வேண்டும். இலை சுருட்டும் வைரஸைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. மண்ணில்லாததால் அது வராமல் இருக்காது. மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள், விதையிலும் கவனம் வையுங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இந்த நோயைத் தாங்கும் ரகம்.

ஒரு செடியில் மூன்று கிலோ கிடைத்தால் முதல் முறைக்கு நல்ல அறுவடை என்றே சொல்வோம். சந்தையில் கிலோ இருபதுக்கு விற்கும் மாதங்களில் இது லாபக் கணக்கில் நிற்காது. இரண்டு வாளியோடு தொடங்குங்கள். பத்து வாளி அமைப்பை மொத்தமாக விற்க வருபவரிடம் உங்கள் தண்ணீரின் பி.பி.எம். அளவைச் சொல்லி, அவர் என்ன பதில் சொல்கிறார் என்று பாருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றும் பழைய கரைசலைச் சாக்கடையில் விடாமல், வீட்டிலுள்ள தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றலாம்.